யுனெஸ்கோவின் கேள்வியும் எமது வகுப்பறையும்

2023 ஜூலையில் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் என்பதையே தன் பொருளாகக் கொண்டது. அக்கருவி யாருடைய நிபந்தனைகளின்படி இயங்குகிறது என்ற வினாவைத் தலைப்பிலேயே அது எழுப்பியுள்ளது. சர்வதேச நிறுவனங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் எவர் மனத்தையும் நோகச் செய்யாத வழவழப்பான நடையில் அமைவன. இவ்வறிக்கையோ கூரியதொரு வினாவுடன் தொடங்குகிறது. ஆதலால் ஆசிரியர்களாகிய நாம் இதனை ஊன்றிப் படிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அறிக்கையின் வலிமை அது திரட்டித் தரும் உண்மைகளிலே தங்கியுள்ளது. கொவிட் கொள்ளைநோய்க் காலத்தில் இணையவழிக் கல்வியே கதி என்றானபோது, உலகில் குறைந்தது 50 கோடி மாணவர் அதன் வாயிலுக்கு வெளியே நின்றனர். வறியோருள் வறியோரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 72 பேர். பெரு நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன, கற்பிக்கும் முறையோடு அவை இணைக்கப்படவில்லை, கற்றலும் உயரவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட 163 கல்விச் சாதனங்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 89 பிள்ளைகளை வேவு பார்க்க வல்லனவாயிருந்தன. இலவசமாகக் கிடைத்தது என்று நாம் மகிழ்ந்த பொருளின் விலையைப் பிள்ளைகள் செலுத்தியிருக்கின்றனர்.

எமது நாட்டின் அனுபவம் இவற்றுக்கு உரைபோல் அமைந்துள்ளது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்பறை சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் குடிபெயர்ந்தது. போகிட்டியாவ என்னும் சிற்றூரின் மாணவரும் ஆசிரியரும் 2021இல் காட்டினூடே நடந்து, பாறையொன்றின் உச்சியில் ஏறித்தான் அலைத்தொடர்பைப் பெற்றனர். வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசி காலையில் தகப்பனோடு வேலைக்குச் சென்றுவிட்டால், லயன் அறையிலிருக்கும் பிள்ளைக்கு அன்றையப் பாடம் இரவில்தான் வரும், வராமலும் போகலாம். 2021 ஜூலை 12 முதல், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றனர். அதுவரை அக்கல்வி யாருடைய கைத்தொலைபேசியில், யாருடைய காசில் நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இனி அறிக்கையின் குறைபாட்டுக்கு வருவோம். அது நான்கு உரைகற்களைத் தருகிறது: தொழில்நுட்பம் பொருத்தமானதா, சமத்துவமானதா, விரிவாக்கத் தக்கதா, நிலைக்கத் தக்கதா? நல்ல உரைகற்களே. ஆயின், உரைத்துப் பார்ப்போர் யார்? இணையவழிக் கல்வி வழங்கிய 42 அரசுகளுள் 39, பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு விளைக்கக்கூடிய வழிகளையே ஊக்குவித்தன என்று கூறும் அதே அறிக்கை, காவற் பொறுப்பை மீண்டும் அரசுகளிடமே ஒப்படைக்கிறது. வணிக நிறுவனங்களின் செல்வாக்கை அது மறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், பிள்ளையின் ஒவ்வோர் அசைவையும் மூலப்பொருளாக்கி இலாபம் ஈட்டும் உடைமை முறையின் வாசலில் வந்ததும் அதன் குரல் தணிந்துவிடுகிறது. யாருடைய நிபந்தனை என்று கேட்டவர்கள் விடையின் அருகே வந்து நின்றுவிட்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இக்குறை எமது பாடசாலைகளிலும் உண்டு. இணையத்தில் பொறுப்புடன் நடத்தல் என்பது இங்கு மாணவருக்குரிய ஒழுக்க போதனையாகவே நின்றுவிடுகிறது. கடவுச்சொல்லைப் பகிராதே, பொய்ச்செய்தியைப் பரப்பாதே என்கிறோம். அது வேண்டியதே. ஆனால் பொறுப்பு மேல்நோக்கிச் செல்வதில்லை. 2024 ஜனவரி 24 அன்று நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அது அளித்தது. உண்மையை ஆராய்ந்து தெளியும் பயிற்சியை வகுப்பில் பெறாத மாணவன், இத்தகைய சட்டத்திடம் வாய்மூடியிருக்க மட்டுமே கற்பான்.

நம்மவர் குற்றத்தையும் நாம் மறைத்தலாகாது. பத்து வயதுப் பிள்ளை கணிதத்தில் பெற்ற புள்ளியை வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் இட்டு, நாற்பது பெற்றாருக்குக் காட்டும் ஆசிரியர் நம்மிடையே உளர். பிறர் எழுதிய குறிப்பின் தலையில் தம் பெயரைப் பொறித்துப் பிரதி செய்து விற்போரும் உளர். இத்தகையோர் மாணவருக்குப் பொறுப்பைப் போதிக்கும்போது பிள்ளைகள் உள்ளூர நகைத்தால், அதில் வியப்பென்ன?

மொழி பற்றி அறிக்கை தரும் ஒரு தகவல் நம்மை நேரடியாகத் தொடுகிறது. திறந்த கல்வி வளங்களின் உலகளாவிய நூலகமொன்றில் நூற்றுக்கு 92 ஆங்கிலத்தில் உள்ளதாம். தாய்மொழியில் கற்பிக்கும் நமக்கு அங்கு இடம் எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட இந்நாட்டின் தமிழர், 2005 முதல் தன்னார்வ உழைப்பால் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைக் கட்டியெழுப்பியுள்ளனர். இலங்கைத் தமிழரின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் அங்கு காசின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு மாணவர் அவற்றுள் ஒரு சஞ்சிகையைத் திறந்து ஒரு கட்டுரையைப் படிக்கட்டும். எழுதியவர் யார், ஆண்டு எது, பக்கம் எது என்று கொப்பியில் குறிக்கட்டும். அதன் கூற்றை இன்னொரு நூலோடு ஒப்பிட்டு வழக்காடட்டும். இணையத் தொடர்புள்ள ஒரேயொரு கணினி இருக்கும் பாடசாலையிலும் இதனை நாளையே தொடங்கலாம்.