ஞாயிறு வேலைநாளான மாநிலத்தில் அன்றாட ஜெபம்

கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகங்கள் திறந்திருக்கும். பள்ளிக்கூடங்களில் மணி அடிக்கும். மூடா ஆற்றுக்குத் தெற்கே பினாங்கு மாநிலத்தில் குடும்பம் குடும்பமாக ஆராதனைக்குப் போகிற அதே காலைப் பொழுதில், சுங்கைப்பட்டாணியில் ஒரு கிறிஸ்தவத் தாய் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். தேவாலயத்துக்குப் போக மாலைவரை காத்திருக்க வேண்டும், அல்லது முந்தின நாளே போய்வர வேண்டும்.

கெடாத் தமிழ்க் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒன்றை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே விசுவாசத்தைச் சுமந்து வந்தது வாரநாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, ஒரு பாட்டுப் பாடி, ஓர் அதிகாரம் வாசித்து, அன்றைய கவலைகளைக் கடவுளிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போகும் பழக்கம்தான் இந்தச் சமூகத்தின் உண்மையான பள்ளி. அந்தப் பழக்கம் என்னென்ன வடிவங்களில் வாழ்ந்தது, அன்றாட வாழ்க்கையை எங்கே தொட்டது, எங்கே தொடாமல் நின்றுவிட்டது என்பவற்றை இக்கட்டுரை பார்க்கிறது.

தோட்டத்துக்கு வந்த வேதம்

கெடாவில் கிறிஸ்தவம் ரப்பருக்கு முந்தியது. சயாமிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோலக் கெடாவில் இருந்தார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் தொடங்கியபோது ஆயர் கார்னோவுடன் அவர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள். தமிழர்கள் பெருந்திரளாக வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர்த் தோட்டங்களோடு. பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம், கோல கெட்டில் வட்டாரங்களில் தோட்டங்கள் எழுந்தன. தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் எழுந்தது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் கிறிஸ்தவர்கள் சில வீடுகள் மட்டுமே. கிராணி, தோட்டத்து மருந்தகத்தின் டிரெஸர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று சிலர். மற்றவர்கள் பால்வெட்டுத் தொழிலாளிகள்.

குருவானவரோ போதகரோ தோட்டத்துக்கு வந்துபோவது எப்போதாவது ஒருமுறை. இடைப்பட்ட நாட்களுக்கு உபதேசியார் இருந்தார். அவரும் இல்லாத இடத்தில் வீட்டுப் பெரியவர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில் காலையும் மாலையும் மணி அடித்து ஊரே ஜெபத்துக்குக் கூடும் வழக்கம் உண்டு. கப்பலேறி வந்தவர்களோடு அந்த வழக்கமும் வந்தது. ஆனால் காலை ஜெபத்துக்குத் தோட்டத்தில் இடமில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, வந்து நிற்க வேண்டும். ஆகவே குடும்ப ஜெபம் மாலைக்கு மாறியது. அதே மாலை நேரத்தில்தான் கள்ளுக்கடையும் திறந்திருந்தது. 1947இல் பீடோங் ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு தொண்டர் படை கள்ளுக்கு எதிராகக் கிளம்பிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு, மாலை நேரத்தை மீட்பது எத்தனை பெரிய போராட்டம் என்பது புரியும். அந்த நேரத்தில் தகப்பனையும் பாயில் உட்கார வைத்த ஒவ்வொரு வீட்டு ஜெபமும் அந்தப் போராட்டத்தில் ஒரு பங்கு.

மூன்று வழிகள்

கத்தோலிக்க வீடுகளில் நாளின் நடுத்தூண் ஜெபமாலை. அதோடு நவநாள், அந்தந்த நாளுக்குரிய விவிலிய வாசகம். ஜூலை 26இல் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்குக் கெடாத் தோட்டங்களிலிருந்து மக்கள் திரண்டு போவது பல தலைமுறைப் பழக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஆவணத்தின் வழியே விவிலியத்தை எல்லா விசுவாசிகளின் கைக்கும் கொண்டுவரச் சொன்னது. அதன் பிறகு ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாகவும் வாரநாள் வாசகங்கள் இரண்டு ஆண்டுச் சுற்றாகவும் வகுக்கப்பட்டன. வீட்டில் இருப்பவரும் திருச்சபை முழுதும் அன்று வாசிக்கும் பகுதியையே வாசிக்க முடிந்தது.

மெதடிஸ்டு, லுத்தரன், ஆங்கிலிக்கன் குடும்பங்களில் வரிசை வாசிப்பு வேர்விட்டது. வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் என்று போனால் ஓர் ஆண்டில் முடித்துவிடலாம். ஸ்காட்லாந்து போதகர் மக்செய்ன் 1842இல் வகுத்த அட்டவணை இன்றும் பல மொழிகளில் புழங்குகிறது. ‘நமது அனுதின மன்னா’, சத்தியவசனத்தின் ‘அனுதினமும் கிறிஸ்துவுடன்’ போன்ற தினத் தியான நூல்கள் தமிழ் வீடுகளுக்குத் துணையாக வந்தன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபில் வந்த கீர்த்தனைகள் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் வேதத்தை மனப்பாடமாக்கின.

பெந்தெகொஸ்தே சபைகளின் வலிமை உபவாச ஜெபமும் சாட்சியும். கெடாவில் வெள்ளி விடுமுறையாதலால் பகல் நேரக் கூடுகைக்கு வசதி உண்டு. புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை வாங்கி, ஆண்டு முழுதும் வீட்டுச் சுவரில் வைத்திருக்கும் வழக்கமும் இந்த வட்டத்தில் ஆழமானது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியக் கிறிஸ்தவர்கள் நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். ஒரு வசனத்தை நாள் முழுதும் சுமந்து நடக்கும் ஆசை மிகப் பழையது.

தொழிலாளியின் கண்ணில் உவமை

வசனம் வாழ்க்கையைத் தொடும் இடத்தை அருகில் நின்று பார்க்கலாம். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக்காரர் விடியற்காலையிலும், பிறகு நேரம் கழித்தும், கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் ஆள் எடுக்கிறார். எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். நகரத்துப் பிரசங்கத்தில் இது இறைவனின் கிருபையைப் பற்றிய பாடமாக மட்டும் முடிந்துவிடும். பெரட்டில் நின்று பழகியவர்களுக்கு இதற்குள் இன்னும் பல நுழைவாசல்கள் உண்டு. மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, நாட்கூலியும் இல்லை. சாயங்காலம்வரை யாரும் கூப்பிடாமல் நிற்கிறவனுடைய வயிற்றுக் கலக்கத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று நினைத்த முதலாளி எப்படிப்பட்டவர் என்ற கேள்வி அவர்களிடம் தானாக எழும். அடுத்த கேள்வியும் எழும்: உடம்புக்கு முடியாமல் பாதி மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்று நாம் என்ன செய்தோம்?

இப்படி வேலை செய்கிறவரோடு பேசும் பகுதிகள் வேதத்தில் ஏராளம். கதிர் பொறுக்கப் போன ரூத்தின் கதை, செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கிய பெண்களுக்கு நேற்று நடந்தது போலிருக்கும். நாட்கூலியை மறுநாள் காலைவரை நிறுத்தி வைக்காதே என்கிறது லேவியராகமம். கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபின் நிருபம். தினமும் வாசிக்கிற பழக்கம் இல்லாவிட்டால் இந்தப் பகுதிகள் கண்ணில் படாமலே போகும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஆண்டு முழுதும் தொடுவது சில பகுதிகளையே.

ஆறாம் படி

இந்த வாசிப்பை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து செய்யும் முறை 1976க்குப் பின் வலுப்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆயர்களும் குருக்களும் பினாங்கில் ஒரு மாதம் தங்கி, திருச்சபையின் எதிர்காலத்தைச் சிந்தித்தார்கள். சிறுசிறு அடிப்படைச் சமூகங்களைக் கட்டுவது முதல் பணியாக அங்கே தேர்ந்துகொள்ளப்பட்டது. தமிழில் இவற்றை அன்பியம் என்கிறோம். மறு ஆண்டில் பினாங்கு ஆயராக நியமிக்கப்பட்டவர் சுங்கைப்பட்டாணியில் 1932இல் பிறந்த அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ். 1983இல் கோலாலம்பூர்ப் பேராயராகவும் 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலாகவும் உயர்ந்தார், 2020இல் மறைந்தார்.

அன்பியங்களில் பரவிய ஏழு படி விவிலியப் பகிர்வு தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. முதலில் ஆண்டவரை அழைக்கிறார்கள். பகுதியை ஒருவர் வாசிக்கிறார். மூன்றாவதாக, மனத்தைத் தொட்ட சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவரும் இடைவெளி விட்டு மூன்று முறை உரக்கச் சொல்கிறார்கள். சில நிமிடம் மௌனம். பிறகு தம் அனுபவத்தைப் பகிர்கிறார்கள். அங்கே பிரசங்கமும் கூடாது, வாதமும் கூடாது. ஆறாவது படியில், நாம் செய்ய வேண்டியது என்ன, யார் செய்வார், எப்போது என்று முடிவெடுக்கிறார்கள்; போன வாரம் ஏற்ற வேலை முடிந்ததா என்றும் கேட்கிறார்கள். ஏழாவது, சொந்த வார்த்தையில் ஜெபம்.

இந்த ஏழில் அடிக்கடி கைவிடப்படுவது ஆறாவது. நேரமாகிவிட்டது என்று ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவிவிடுகிறார்கள். வசனம் மனத்தை இளக்கியதோடு நின்றுவிடுகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் அண்டை வீட்டுப் பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக யார் வருவது என்று பெயர் குறிக்கும்போதுதான் வாசிப்பு முழுமை பெறுகிறது. சபை எதுவானாலும் இது பொருந்தும். சாட்சி சொல்லும் கூடுகையிலும், தனிமைத் தியானத்திலும், குடும்ப ஜெபத்திலும் ஓர் ஆறாம் படி வேண்டும்.

தாமானுக்கு வந்த பிறகு

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறியது. லயத்து மக்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் நகரங்களின் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, வந்தார்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் மற்றத் தொழிற்சாலைகளும் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தன. கூடவே ஷிப்டு முறையும் வந்தது. அப்பா இரவு வேலை, மகள் பகல் வேலை என்றான வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் மாலை இல்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து தேவாலயங்கள் மூடப்பட்டபோது, குடும்ப ஜெபம் விட்டுப்போகாத வீடுகள் தடுமாறவில்லை. விட்டுப்போன வீடுகள் திரையைப் பார்த்து மீண்டும் தொடங்கின.

இன்று வாட்ஸ்அப்பில் காலைதோறும் வசனம் வருகிறது. பார்த்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். முன்பின் படிக்காமல் எடுத்த ஒற்றை வசனம் ஆறுதல் தரும், திருத்தாது. வாக்குத்தத்தங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், கூலியைப் பற்றிப் பேசும் யாக்கோபு நம் வீட்டுக்கு வருவதே இல்லை. இன்னொரு கவலை மொழி. தேசியப் பள்ளியில் படித்த பல பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமத்தைச் சரளமாக வாசிக்க வருவதில்லை. அவர்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ வாசிக்கட்டும். ஆனால் பாட்டி அழுது ஜெபிக்கும் மொழி பேரனுக்குப் புரியாமல் போவது பேரிழப்பு.

செய்யக்கூடியவை நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. ஷிப்டுக்கு ஏற்ப நேரம் மாறினாலும் பரவாயில்லை, நாளுக்குப் பத்து நிமிடம் வீடு முழுதும் ஒரே பகுதியை வாசிக்கலாம். பிள்ளை ஒரு வசனத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கும்வரை பெரியவர்கள் பொறுத்திருக்கலாம். தோட்டத்து உபதேசியார்களோடு ஜெபித்து வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நினைவுகளைச் சபைகள் ஒலிப்பதிவாகவாவது சேர்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் இந்த வாரம் யாருக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டு, ஒரு பெயரைச் சொல்லி, அந்த வேலையை முடிக்க வேண்டும். வேதத்தை வாழ்க்கையில் கடைப்பிடிப்பது என்பதற்கு இந்த மண்ணின் மக்கள் நடந்து காட்டிய பொருள் இதுவே.