சைபர் என்னும் புனைகதை

கதை எழுதிப் பிழைக்கும் நான், அமெரிக்கக் கல்லூரிகள் வருஷந்தோறும் பிரசுரிக்கும் குற்றக் கணக்குகளையும் கதைபோலவே படிக்கிறேன். பலாத்காரம் என்ற கட்டத்தில் பல கல்லூரிகள் போடுவது சைபர். ஒழுக்கத்தின் உச்சம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதியறையில் ஜீன் கிளெரி என்ற பத்தொன்பது வயதுப் பெண் கொலையுண்டாள். அங்கே முன்பு நடந்த குற்றங்களை யாரும் தங்களுக்குச் சொல்லவில்லையே என்று பெற்றோர் போராடினார்கள். 1990-ல் சட்டம் வந்தது. கணக்கு எழுதுவது கல்லூரி; மேற்பார்வை அரசின் கல்வித் துறை.

என் குறை இதுதான்: பெயர் கெடுமே என்று அஞ்சுகிறவன் கையிலேயே பேனா இருக்கிறது. மேற்பார்வையோ பெரும்பாலும் புகார் கிளம்பிய பிறகே விழிக்கிறது. 2006 டிசம்பரில் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவி இறந்துகிடந்தாள். சந்தேகத்துக்கு இடமில்லை என்றார்கள். 2007 பிப்ரவரியில் ஒருவன் கைதான பிறகே, அது கொலை என்று பெற்றோருக்குத் தெரிந்தது.

2024-ல் லிபர்ட்டி பல்கலைக்கழகம் 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பெரிய தொகைதான். ஆனால் அபராதம் பின்னால் வருவது. அறிக்கையோ, மகளைக் கல்லூரியில் சேர்க்குமுன் தகப்பன் நம்பிப் படிப்பது.

பொய் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அட்டையிலேயே 'நாவல்' என்று போட்டுவிடுகிறேன். அவர்கள் அப்படிப் போடுவதில்லையே!