இளிவரலும் இரும்புடம்பும்

உடம்பு சிதைந்தும் திரிந்தும் பொறியோடு ஒன்றியும் போவதைக் காட்டும் மேனாட்டுத் திரைப்படங்களை அச்சப்படங்கள் என்றே பலரும் வழங்குவர். அப்பெயர் பொருந்துமா என்பதை மெய்ப்பாட்டியல் நெறிநின்று ஈண்டு ஆராய்வாம். செய்யுட்குரிய இலக்கணத்தைத் திரைக்கு ஏற்றலாமோ எனின், உடம்பின்கண் புலப்படும் உணர்வே மெய்ப்பாடு ஆதலின், உடம்பையே பொருளாகக் கொண்ட கலைக்கு அது சாலவும் பொருந்தும் என்க.

தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன. இளிவரலுக்குரியனவோ மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இவை ஒருவன் தன்னிடத்தே தோன்றுவன. இவற்றினின்று ஓடி ஒளிதல் இயலாது.

‘தி ஃபிளை’ என்னும் பெயரில் 1958இல் வந்த படத்தில், பொருள்களை இடம் பெயர்க்கும் பொறியுள் புகுந்த அறிஞன் ஒருவனின் தலையும் ஒரு கையும் ஈயினுடையவற்றோடு மாறிப்போகின்றன. முகத்தை மூடிய துணி விலகியதும் காண்போர் திடுக்கிடுகின்றனர். அஃது அச்சமே. 1986இல் அக்கதையை மீண்டும் எடுத்த கானடா நாட்டு இயக்குநர் டேவிட் குரோனன்பர்க், மாற்றத்தை ஒரு நோயைப் போல் நீட்டுகின்றார். சேத் பிரண்டில் என்பானின் நகம் கழல்கின்றது, பல் வீழ்கின்றது, செவி உதிர்கின்றது. உதிர்ந்தவற்றை மருந்துப் பேழையில் சேர்த்துவைத்து, அதனைத் தன் பெயரால் அமைந்த அருங்காட்சியகம் என அவனே நகையாடுகின்றான். அந்நகை நம்மை நகைக்க விடுவதில்லை. அக்காலத்தில் பலர் இதனை எயிட்ஸ் நோயின் குறியீடாகக் கொண்டனர். இயக்குநரோ பிணியையும் மூப்பையும் பொதுவாகவே கருதியதாகக் கூறினார். மெய்ப்பாட்டியல் பயின்றார்க்கு இக்கூற்று வியப்புத் தாராது.

இறுதியில் பொறியின் ஒரு பகுதியே அவன் தசையோடு ஒட்டிவிடுகின்றது. இரும்பால் அவன் வலிமை பெற்றிலன். அதனைச் சுமந்து தவழ்கின்றான். காதலித்தவள் கையிலுள்ள துப்பாக்கியின் முனையைப் பேச்சின்றித் தன் தலைக்கு நேரே பிடித்துக்கொள்கின்றான். இளிவரல் அழுகையாக மாறும் இடம் இது.

சப்பானிய இயக்குநர் சின்யா சுகமோட்டோவின் ‘டெட்சுவோ’ (1989) இதற்கு மாறானது. 67 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம்; அதன் இரைச்சல் செவிக்கு ஒரு சோதனை. முகம் மழிக்கும் அலுவலகப் பணியாளன் ஒருவன் கன்னத்தில் உலோகத் துணுக்கைக் காண்கின்றான். நாளடைவில் அவன் உடம்பே இரும்பாகின்றது. முடிவில் அவனும் அவன் பகைவனும் ஒரே உலோகப் பிண்டமாகி, உலகையே துருவாக்கப் புறப்படுகின்றனர். ஈண்டு மிகுவது தறுகண் பற்றிய பெருமிதம். புதுமையால் இப்படம் மருட்கை தருவது உண்மையே. எனினும் நாம் இரங்குதற்கு உரியவன் எவனும் அதில் எஞ்சவில்லை. ஆதலின் குரோனன்பர்க்கின் படத்தையே யாம் உயர்ந்ததாகக் கொள்கின்றோம். ‘டெட்சுவோ’வின் தொடக்கத்தில், தொடையைக் கிழித்து இரும்பைச் செருகிக்கொண்டவன் தன் புண்ணில் புழு நெளியக் கண்டு அலறி ஓடும் காட்சி ஒன்றே இதற்கு விலக்கு.