'ஃபன்னி பாய்': மேல்நாட்டுச் சரக்கா?

ஷியாம் செல்வதுரை 1994இல் வெளியிட்ட 'ஃபன்னி பாய்' நாவலை மேல்நாட்டுச் சரக்கென்று ஒதுக்குவோர் நம் குருமாரிடையே உண்டு. ஆசிரியர் கனடாவில் குடியேறி ஆங்கிலத்தில் எழுதியதே அவர்களுக்குப் போதிய சான்று. நூலைப் படித்தோர் அவ்விதம் கூறார்.

கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜி, கல்யாண விளையாட்டில் மணப்பெண்ணாய்ச் சேலை உடுத்துகிறான். பெரியோர் அவனை 'ஃபன்னி' என்கின்றனர். பொருளை ஒருவரும் விளக்குவதில்லை. நூலின் வலிமை இவ்விடத்திலேயே இருக்கிறது. மேனாட்டில், சிறப்பாக 1969ஆம் ஆண்டு நியூயார்க் ஸ்டோன்வால் கிளர்ச்சிக்குப் பின், 'நான் இன்னான்' என்று வெளிப்பட அறிவிப்பதே தன்பாலீர்ப்புடைய ஆடவரின் அடையாளமாயிற்று. அர்ஜியோ எதையும் அறிவிப்பதில்லை. சிங்கள மாணவன் ஷெகானை நேசித்தபின், தன் குடும்பத்துக்கே அந்நியனாகிவிட்டதாக உணர்கிறான்.

நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞனை முதலில் கேட்பது, 'யார் வீட்டுப் பிள்ளை?' என்பதே. அவன் தன் நாட்டத்தைச் சொன்னால் அது தங்கையின் சம்பந்தத்தையும் தொடும். மேல்நாட்டிலிருந்து மெய்யாகவே வந்தது தண்டனைச் சட்டமே: இந்தியாவுக்கு 1860இல், இலங்கைக்கு 1883இல். வயதுவந்தோர் இசைந்து கூடுவது குற்றமன்றென நம் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்த்தது.

நூலில் குறையும் உண்டு. 1983 ஜூலைக் கலவரம் இறுதிப் பகுதியைக் கவர்ந்துகொள்ள, ஷெகானின் உள்ளம் நமக்கு மூடியே கிடக்கிறது.

நாட்டத்தை மாற்ற முனையும் சிகிச்சைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் தடைசெய்தது. 'கல்யாணமானால் சரியாகும்' என்னும் ஆயரின் ஆலோசனையோ எத்தடைக்கும் உட்படவில்லை. அதற்கு விலை கொடுப்பவள், ஏதுமறியாது மணவறைக்கு வரும் பெண். அர்ஜியை ஆண்மகனாக்கவே தகப்பன் விக்டோரியா அகாடமியில் சேர்க்கிறார். ஷெகானை அவன் சந்திப்பது அங்கேதான்.