அற்புதம் என்ற ஒரே சொல்

மருதனார்மடம் சந்தையிலே "கத்தரிக்காய் அற்புதமாக் கிடக்கு" எண்டால் நல்ல காய் என்றுதான் பொருள். அங்கே ஒருவரும் முஃஜிசாவைத் தேடுவதில்லை. மடு மாதாவின் அருட்செயலைக் கத்தோலிக்கர் 'புதுமை' என்பர். நம்மவர் எழுத்தில்தான் நபிமாரின் முஃஜிசா, வலிமாரின் கராமத், குர்ஆன் சொல்லும் ஆயத் எல்லாமே 'அற்புதம்' ஆகிவிடுகின்றன.

முஃஜிசா, எதிர்த்து நிற்பவரை இயலாமல் ஆக்குவது, நபித்துவத்துக்குச் சான்று. கராமத், அல்லாஹ் வலிக்கு அளிக்கும் கண்ணியம். அதைக் கொண்டு வலி நபித்துவம் கோருவதில்லை. முஃஜிசா என்ற சொல்லோ குர்ஆனில் இல்லவே இல்லை. மூஸா நபியின் கைத்தடியும் ஆயத், இரவும் பகலும் ஆயத். 'அத்தாட்சி' என்று பெயர்த்தவர்கள் இதை உணர்ந்தவர்கள். 'அற்புதம்' என்று போட்டால் தடி மட்டும் மிஞ்சும், இரவும் பகலும் கழன்றுபோகும்.

சீறாவின் 'மதியை அழைப்பித்த படலம்' பாடுவது முஃஜிசா. யாழ்ப்பாணத்துப் பதுறுத்தீன் புலவரின் முகியித்தீன் புராணம் பாடுவது கராமத். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, "வலியை நபியாக்கிப் போட்டார்" என்று புலவரைக் கண்டிப்பது நியாயமில்லை. அவர் பாடிய சம்பவங்களுக்கு ஆதாரம் என்ன என்று தாராளமாகக் கேட்கலாம். அது வேறு வழக்கு.