ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல்

மே மாதக் கடைசியில் தென்காசி டிங்கர் பட்டறைகளில் வேன் சீட்டுகளைக் கழற்றி வெளியே அடுக்கியிருப்பார்கள். "சாரல் விழுறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்று ஓட்டுநர் அவசரப்படுத்துவார். குற்றால சீசனில் வண்டி ஒரு நாள் நின்றாலும் நஷ்டம். தரைத்தகட்டு விரிசலின் மேல் ஒரு துண்டுத் தகடு வைத்துப் பற்றவைத்து, தார்ப்பூச்சு அடித்து, ரப்பர் மேட்டை விரித்தால் வேலை முடிந்தது.

இந்த ஒட்டு வேலையை மட்டமாக எண்ணிவிடக் கூடாது. அம்பாசடர் தயாரிப்பு 2014இலும் மாருதி ஆம்னி தயாரிப்பு 2019இலும் நின்றுபோயின. அத்தகைய வண்டிகளுக்கு முழுத் தரைத்தகடு தேடி அலைவதைவிட, வெறும் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி மேடு பள்ளம் எடுத்துத் தரும் கைகள் உள்ளூரிலேயே இருப்பது பெரிய வசதி. துருப்பிடித்த ஓட்டை என்றால் இம்முறை கச்சிதமாகப் பொருந்தும். உளுத்த பாகத்தை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு வைத்த ஒட்டு பல ஆண்டு தாங்கும்.

குற்றாலத்து வண்டிகளில் துரு பெரும்பாலும் மேலிருந்தே தொடங்குகிறது. ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட ஏறுகிறவர்களின் தண்ணீர் ரப்பர் மேட்டுக்கு அடியில் இறங்கித் தங்கிவிடும். சாரல் காலத்தில் அது காயவே காயாது. அடிப்பக்கம் எத்தனை பூச்சு அடித்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

உழைப்பால் விழும் விரிசலின் கதை வேறு. அங்கே இரும்பு நன்றாகத்தான் இருக்கும், துருவே இராது. சீட் போல்ட் துளையிலோ ஸ்பாட் வெல்டிங்கின் ஓரத்திலோ மயிரிழையாகப் புறப்பட்டு நீளும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிகிறதே, அதே சங்கதி. அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, கேரியரில் சாமானும் கட்டி, புளியரை எஸ் வளைவில் ஏறி இறங்கும் வண்டியில், ஏறக்குறைய 1 மி.மீ. கனமுள்ள தகடு ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்கப்படுகிறது. சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்து, ஷாக் அப்சார்பரும் செத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த விரிசலின் மேல் கனத்த தகட்டை ஒட்டினால் ஒட்டிய இடம் விறைத்துக்கொள்ளும். வளைவு முழுவதும் அதன் விளிம்பில் போய்க் குவியும். பற்றவைத்த சூட்டில் அந்த விளிம்பு ஏற்கெனவே பலம் குன்றியிருக்கும். சில மாதத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் தெரியும். 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதை ஆராய்ந்தவர்களும், உடற்தகட்டின் திறப்புகளை ஒட்டிய மூலைகளில் இத்தகைய அலுப்பு விரிசலைத்தான் கண்டார்கள்.

முறையாகச் செய்பவர் முதலில் விரிசலின் முனையைத் தேடுவார். ஒருபுறம் சாக்பீஸ் தேய்த்து மறுபுறம் மண்ணெண்ணெய் தடவினால், வெள்ளையில் கறுப்புக் கோடாக ஊறி வரும். கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கோடு நீளமாகவே இருக்கும். அந்த நிஜ முனையில் 3 மி.மீ. துளை போட வேண்டும். விரிசலை நிறுத்த இன்னொரு ஓட்டையா என்று வண்டிக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் கூர்முனை வட்டமானால்தான் இழுவிசை பரவும், விரிசல் ஓட்டமும் தடைபடும். பிறகு ராடு வெல்டிங்கைத் தவிர்த்து, தகட்டைப் பொத்துவிடாத சி.ஓ.2 வெல்டிங். ஒட்டு தேவைப்பட்டால் அதே கனத்தில், மூலைகளை உருட்டி வெட்டியது. அவசர வேலையில் முதலில் விடுபடுவது அந்தத் துளைதான்.

வண்டியின் வகையையும் பார்க்க வேண்டும். தனி சேஸிஸ் உள்ள ஜீப்பில் தரை என்பது மிதிக்கிற தகடு, அவ்வளவுதான். ஆம்னி போன்றவற்றில் தரையே எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. அங்கே சீட் பெல்ட் பிடிமானத்துக்கு அருகே அரைகுறை ஒட்டு வைப்பது, மோதலின்போது ஆளைத் தாங்கவேண்டிய இடத்தில் விளையாடுவதாகும்.

ஆனாலும் பெரிய ஓட்டை தொழில் பிரிவினையில் இருக்கிறது. விரிசலைப் பார்ப்பவர் டிங்கர். புஷ்ஷையும் ஸ்பிரிங் பட்டையையும் பார்ப்பவர் வேறு பட்டறை மெக்கானிக். ஏன் விண்டது என்று கேட்கவேண்டிய கேள்வி இருவருக்கும் நடுவே தொலைந்துபோகிறது. போதாததற்கு மேட் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

மூடிய தரை எவ்வளவு ஆபத்து என்பதற்குத் தமிழ்நாட்டில் சாட்சிகள் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன. 2024 பிப்ரவரியில் சென்னை மாநகரப் பேருந்தின் தளம் உடைந்து ஒரு பெண் பயணி விழுந்து, உயிர் தப்பினார். பேருந்துத் தளத்தின் கட்டுமானம் வேறுதான். ஆனால் காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பயணிக்குத் தெரியாதது வேனிலும் பேருந்திலும் ஒன்றே.

வாடகை வேன்களுக்கு 8 ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை உண்டு. பெயின்ட் மினுக்கத்தோடு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற அந்த நாளில் மேட்டைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையைக் காட்டச் சொன்னால், ஒட்டு எங்கே என்பதும் அதன் பக்கத்தில் புதுக் கோடு ஓடுகிறதா என்பதும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.