நிறுத்தத் தெரிந்த கை

காது அறுவையை ரசிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்தின் நெருக்கம் தெரிய வேண்டும். உடம்பின் மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று, அதற்குள் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரமுள்ள அங்கவடி எலும்பு, ஒலியை உணரும், இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட காக்ளியா, இவற்றை ஒட்டியே ஓடும் முக நரம்பு. அந்த நரம்பில் ட்ரில் பட்டால் வாய் கோணும், கண் மூடாது. பின்பக்கம் மூளையின் ரத்தத்தைக் கீழே இறக்கும் பெரிய சிரை.

இந்த எலும்பைத் தொட்டவர்களில் என் மனத்தில் முதலிடம் லாஸ் ஏஞ்சலிஸின் வில்லியம் ஹவுஸுக்குத்தான். 1923-ல் பிறந்தவர். முதலில் படித்தது பல் மருத்துவம். பொது மருத்துவமும் காதும் பிறகு வந்தவை. அந்த வரிசை அவர் கைக்கு வாய்த்த பாக்கியம் என்பேன். சுழலும் முனையைச் சிறு குழிக்குள் நிதானமாகப் பிடிப்பது பல் மருத்துவருக்கு அன்றாட வேலை. 1956-ல் அண்ணன் ஹோவர்ட் ஹவுஸுடன் சேர்ந்தவர், பல் ட்ரில்லையும் ஜெர்மனியின் ஜெய்ஸ் மைக்ராஸ்கோப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். உறிஞ்சும் குழாயிலேயே நீரும் சொரியும்படி செய்தார்.

இந்த நீர் சின்ன விஷயமில்லை. ட்ரில் சுழன்றால் எலும்பு சுடும், அந்தச் சூடு நரம்பைக் கெடுக்கும். எலும்புத் தூள் பார்வையை மறைக்கும். நீர் விழுந்துகொண்டே இருந்தால் இரண்டுக்கும் இடமில்லை. இழைக்க இழைக்க, மெலிந்த எலும்பு அடியில் இருப்பதை நிறத்தால் சொல்லிவிடும்: சிரை நீலமாக, நரம்பு இளஞ்சிவப்பாக. நரம்பின் மேல் முட்டையோடு போல ஒரு படலத்தை மட்டும் விட்டுவிட்டு அங்கே கை நிற்க வேண்டும். இந்தக் கலையின் உச்சம் அந்த நிற்றல்தான்.

செவி நரம்பில் வளரும் கட்டியை அதுவரை தலையின் பின்புறம் திறந்து எடுத்தார்கள். பலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் பலருக்கு முகம் முடங்கியது. ஹவுஸ் எலும்பு வழியாகவே கட்டியை அடையும் பாதைகளை வகுத்தார். மூளை அறுவை மருத்துவர் வில்லியம் ஹிட்செல்பர்கர் துணை நின்றார். உட்காதைக் கடந்து போகும் பாதையில் அந்தப் பக்கம் கேட்கும் திறன் போய்விடும், உயிரும் முகமும் தங்கும். எதை விட்டுக்கொடுப்பது என்ற தெளிவும் கைத்திறனில் சேர்ந்தது. விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டுக்கு உட்காதைத் தாக்கும் மெனியர் நோயால் வந்த தலைசுற்றலையும் அவர் அறுவை செய்து தீர்த்தார். 1971-ல் ஷெப்பர்ட் நிலவில் நடந்தார்.

ஆனால் அவர் பெயர் நிலைப்பது, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கவைக்கும் சாதனமான காக்ளியர் இம்ப்ளான்ட்டால். 1957-ல் பாரிஸில் ஜூர்னோ, ஏரியெஸ் இருவரும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிய செய்தியை ஒரு நோயாளிதான் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். 1961-ல் முதல் முயற்சி. சாதனத்தை உடம்பு ஏற்கவில்லை, எடுத்துவிட நேர்ந்தது. பொறியாளர் ஜாக் அர்பனுடன் 1969-ல் மறுபடியும் தொடங்கினார்.

செவி நரம்பில் சுமார் 30,000 இழைகள். அத்தனையின் வேலையையும் அவர் சாதனத்தின் ஒரே மின்முனை எப்படிச் செய்யும் என்று விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். கேள்வி நியாயமானது. ஹவுஸின் சாதனத்தால் பெரும்பாலோருக்குச் சொல் தனித்துக் கேட்கவில்லை. வாசல் மணி கேட்டது, வண்டியின் ஹார்ன் கேட்டது, பேச்சின் ஏற்ற இறக்கம் தெரிந்தது. தன் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதும் தெரிந்தது. முற்றிலும் கேளாத ஒருவருக்கு இது கொஞ்சமா? அமெரிக்க அரசுக்காக பிட்ஸ்பர்கில் 13 பேரைச் சோதித்த ராபர்ட் பில்ஜரின் 1977 அறிக்கை, உதட்டசைவைப் படிப்பதிலும் குரலைக் கட்டுப்படுத்துவதிலும் சாதனம் உதவுகிறது என்றே சொன்னது.

1981-ல் மூன்று வயதுக் குழந்தைக்குப் பொருத்தியபோது எதிர்ப்பு இன்னும் கடுமையானது. சைகை மொழியில் முழு வாழ்க்கை வாழ்பவர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் ஹவுஸ் பின்வாங்கவில்லை. 1984 நவம்பரில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அடுத்த ஆண்டே மெல்போர்னின் கிரேம் கிளார்க் உருவாக்கிய, 22 மின்முனைகள் கொண்ட சாதனம் வந்து, சொற்களையும் கேட்கவைத்து, ஹவுஸுடையதை முந்திவிட்டது. இதைத் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிறைவான ஒலி வரும்வரை நோயாளியைக் காக்கவைக்காமல், கிடைத்த ஒலியை உடனே கொடுத்தவர் அவர்.

தன் கண்டுபிடிப்புகள் எதற்கும் காப்புரிமை கோராமல், 2012-ல் 89 வயதில் காலமானார். காது அறுவையின் பதிவு எங்காவது பார்க்கக் கிடைத்தால், சுழலும் முனையோடு மட்டும் நின்றுவிடாமல், மறு கையில் நீர் சொரியும் குழாயையும் கவனியுங்கள். அது ஹவுஸ் தந்தது.